முதல் காட்டு வான்கோழி கிடைத்தது: நெஞ்சுக்கறி போக மீதியை என்ன செய்வது?

ஓசார்க்வாசி எழுதியது (ஞாயிறு, முற்பகல் 10.20)

களத்து நண்பர்களுக்கு வணக்கம். சென்ற வசந்தத்தில் மூன்று வாரம் காட்டில் உட்கார்ந்து, உண்ணிக் கடியைத் தவிர வேறெதுவும் கொண்டுவராமல் வீடு திரும்பிய கதையை இங்கே எழுதியிருந்தேன். நேற்றுக் காலை அந்தக் கணக்கு நேரானது. தெற்கு மிசூரியில், மார்க் ட்வைன் தேசிய வனத்தின் ஓர் ஓடைச் சரிவில், முற்றிய ஆண் வான்கோழி ஒன்று கிடைத்தது. எடை 21 பவுண்டு, நம் கணக்கில் ஒன்பதரைக் கிலோ. மார்பிலிருந்து தொங்கும் தாடி 10 அங்குலம். கால் முள் ஓர் அங்குலத்தைச் சற்றே தாண்டுகிறது.

வேட்டையைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுக் கேள்விக்கு வருகிறேன். (சுருக்கமாகத்தான் தொடங்கினேன், எழுதி முடித்துப் பார்த்தால் அப்படி இல்லை.)

வெள்ளிக்கிழமை இருட்டும் நேரத்தில் மேட்டில் நின்று ஆந்தை போல ஒருமுறை குரல் கொடுத்தேன். இந்தப் பருவத்தில் உரத்த ஓசை எதைக் கேட்டாலும் சேவல் தன்னையறியாமல் பதிலுக்குக் கொக்கரித்துவிடும் என்பதை இங்கே மலையன் ஐயா சொல்லித்தான் கற்றேன். ஓடைக்கு அப்பால் இருந்த உயர்ந்த மரங்களிலிருந்து பதில் வந்தது. அது அடையும் மரம் தெரிந்துவிட்டதால் இரவு நிம்மதியாக உறங்கியிருக்க வேண்டும், உறங்கவில்லை. விடியற்காலை 4.45 மணிக்கு வண்டியை விட்டு இறங்கி, அந்த மரங்களுக்கு ஏறத்தாழ 150 மீட்டர் இப்பால், என் தோளைவிட அகலமான ஒரு வெள்ளை ஓக் மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். பின்னாலிருந்து வரும் வேறொரு வேட்டைக்காரரின் துப்பாக்கி ரவையிலிருந்து அடிமரம் காக்கும் என்பதற்காகவே அகலமான மரத்தைத் தேடச் சொல்கிறார்கள்.

முதல் கொக்கரிப்பு 5.35 மணிக்கு. அதன்பின் அது தரையிறங்கும் வரை நாற்பது முறையாவது கத்தியிருக்கும். வட்டக் கற்பலகையில் குச்சியை உரசிப் பெட்டையின் குரலை மூன்றே முறை, மெல்ல எழுப்பினேன். கனத்த சிறகோசையோடு பறவைகள் இறங்கின. ஆனால் இறங்கியவற்றுள் உண்மையான பெட்டைகள் நான்கு இருந்தன. அவை எதிர்த்திசையில் நடந்தன. சேவலும் அவற்றின் பின்னே போய்விட்டது. உயிருள்ள நான்கு பெட்டைகள் பக்கத்தில் இருக்கும்போது என் கற்பலகையை அது ஏன் மதிக்க வேண்டும்?

சென்ற ஆண்டாக இருந்தால் எழுந்து பின்தொடர்ந்திருப்பேன். இம்முறை அசையாமல் இருந்தேன். ஏப்ரல் இறுதியில் பெட்டைகள் முட்டையிட ஒவ்வொன்றாகக் கூட்டுக்குப் போய்விடும், முற்பகலில் சேவல் தனித்து நிற்கும் என்று படித்திருந்ததே அதற்குக் காரணம். 9.40 மணிக்குத் தொலைவில் ஒரு கொக்கரிப்பு. பதில் கொடுத்தேன். இரண்டு நிமிடத்தில் அதே குரல் பாதித் தொலைவில் கேட்டது. உடனே கற்பலகையைக் கீழே வைத்துவிட்டேன். இனி தேடி வர வேண்டியது அதன் வேலை. கால் மணி நேரம் எந்த ஓசையும் இல்லை. பிறகு காதில் கேட்பதற்கு முன்பே மார்பில் உணரும்படியான ஒரு தாழ்ந்த உறுமல்: தோகையை விரித்துச் சிறகைத் தரையில் இழுத்துக்கொண்டு வரும் சேவல் எழுப்பும் முழக்கம் அது. வெண்மையான உச்சந்தலை, நீல முகம், சிவந்த கழுத்து. வேறொரு வேட்டைக்காரர் சேவல் என்று எண்ணிச் சுட்டுவிடலாம் என்பதால், இந்த மூன்று நிறங்களில் ஒரு கைக்குட்டையைக் கூடக் காட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது என்பதன் பொருள் அப்போதுதான் முழுமையாகப் புரிந்தது.

அது ஒரு மரத்தின் பின்னே மறையும் வரை காத்திருந்து துப்பாக்கியை உயர்த்தினேன். சென்ற ஆண்டு அதன் கண் என்மீது இருக்கும்போதே உயர்த்தியதால்தான் தோற்றேன். மறுபுறம் வெளிவந்தபோது 28 காலடி நடக்கும் தூரம். தோகை விரித்திருக்கையில் கழுத்து உடலுக்குள் சுருங்கி இருக்கும் என்பதால் சுடவில்லை. வாயாலேயே மெல்ல ஒரு 'க்ளக்' ஒலி கொடுத்தேன். தோகை மடங்கியது, கழுத்து நீண்டது. 20 கேஜ் துப்பாக்கி, 9ஆம் எண் டங்ஸ்டன் ரவை. ஒரே தோட்டா.

அனுமதிச் சீட்டில் குறியிட்டு, குடலை அங்கேயே நீக்கி, வயிற்றுக்குள் பனிக்கட்டிப் பைகளை வைத்து, ஆரஞ்சு நிறத் துணியில் சுற்றி எடுத்து வந்தேன். பிடித்த பறவையை மாநில வனவுயிர்த் துறைக்குத் தெரிவிக்கும் டெலிசெக் முறையில் இரவு 10 மணிக்குள் பதிவு செய்தாக வேண்டும். பள்ளத்தில் அலைபேசி எடுக்காததால் மேட்டுக்கு ஏறியபின் செய்தேன். பதிவு முடியும் வரை தலையும் இறகும் பறவையோடு இருக்க வேண்டும் என்பதால் இறகை வீட்டில்தான் பறித்தோம். ஒரு பிழை நேர்ந்தது: குடலை எடுக்கும்போது பித்தப்பை கிழிந்து ஈரல் முழுவதும் பச்சையாகிவிட்டது. ஈரலை இழந்தேன்.

இப்போது கேள்வி. உள்ளூர் நண்பர்கள் இருவர் வந்து பார்த்து, "நெஞ்சுக்கறி இரண்டையும் அறுத்து எடுத்துக்கொள், கால்களை வீசிவிடு, அவற்றை மெல்ல முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நெஞ்சுக்கறி இரண்டும் சேர்ந்து 5 பவுண்டு. கால்கள் எலும்போடு கிட்டத்தட்ட 4 பவுண்டு. நான்கு பவுண்டு கறியைக் குப்பையில் போட எனக்குக் கை வரவில்லை. குளிர்பெட்டியில் எல்லாம் இருக்கிறது. தோல், எலும்புக்கூடு, இறகு ஆகியவற்றுக்கும் வழி சொல்லுங்கள்.

மலையன் எழுதியது (ஞாயிறு, பிற்பகல் 12.05)

வாழ்த்துகள் தம்பி. சேவல் பெட்டைகளோடு போனபின் மூன்றரை மணி நேரம் எழாமல் இருந்தீர்களே, வேட்டை அங்கேதான் நடந்தது. சுட்டது அதன் பின்விளைவு. கால் முள் ஓர் அங்குலத்தைத் தாண்டினால் மூன்று வயது அல்லது அதற்கு மேல் என்று கொள்ளலாம். ஓராண்டு இளஞ்சேவலுக்கு முள் அரை அங்குலம் கூட இராது. தோகையை விரித்தால் நடு இறகுகள் மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கும். இந்த வயதை எதற்காகச் சொல்கிறேன் என்றால், உங்கள் அடுப்பில் இருக்கப்போவது கடை வான்கோழி அன்று. கடைப் பறவை நான்கைந்து மாதத்தில் கறியாகிவிடும். உங்களுடையது மூன்று ஆண்டுகள் மலையேறி இறங்கிய கிழச்சேவல். நம் ஊரில் அப்படிப்பட்ட சேவலை எப்படிச் சமைப்பார்களோ அப்படித்தான் சமைக்க வேண்டும்.

உடனே பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. நெஞ்சின் மேற்பகுதியில், கழுத்தை ஒட்டி, மஞ்சள் நிறத்தில் பஞ்சு போன்ற கொழுப்புப் படலம் இருக்கும். வசந்தகாலச் சேவல் பெட்டைகளின் பின்னே அலைந்து சரியாக இரையெடுக்காத வாரங்களில் அந்தக் கொழுப்பைக் கரைத்தே உயிர் வாழ்கிறது. அதைக் கறியோடு விட்டால் சிக்கு வாடை அடிக்கும். முழுவதும் வழித்து எடுத்துவிடுங்கள். "காட்டு வான்கோழி நாறும்" என்று சொல்பவர்களில் பாதிப் பேர் இதை நீக்காமல் சமைத்தவர்கள். மீதிப் பாதி பறவையை வெயிலில் வண்டியின் பின்புறம் போட்டுப் பிற்பகல் முழுதும் படம் காட்டிக்கொண்டு திரிந்தவர்கள்.

கால்களைப் பற்றி: உங்கள் நண்பர்கள் பொய் சொல்லவில்லை, பாதிதான் சொன்னார்கள். முழங்காலுக்குக் கீழுள்ள பகுதியில் எலும்பு போலவே கெட்டிப்பட்ட மெல்லிய நரம்புக் குச்சிகள் பத்துக்கு மேல் இருக்கும். அடுப்பில் வாட்டினாலோ எண்ணெயில் பொரித்தாலோ அவை அப்படியே நிற்கும், கறியும் இறுகும். ஆனால் நீர் விட்டு நீண்ட நேரம் வேகவைத்தால் கறி அவற்றைவிட்டுக் கழன்று விழுந்துவிடும், குச்சிகளைக் கையால் உருவி எடுத்துவிடலாம். தொடையில் இந்தத் தொல்லையே இல்லை. நாள் முழுதும் நடக்கும் கால் என்பதால் அந்தக் கறி கருத்திருக்கும்; எப்போதாவது பறக்கும் நெஞ்சு வெளுத்திருக்கும். எனக்குக் கருத்த கறிதான் முதலில்.

இன்னொன்று. மனிதர் வழக்கமாக உண்ணும் பகுதியை வேண்டுமென்றே விட்டுச்செல்வது உங்கள் மாநில விதிப்படி குற்றம். கால் அதில் அடங்குமா என்று வழக்காட விரும்புகிறவர்கள் ஆடட்டும். எங்கள் பென்சில்வேனியா வேட்டைக்குழுவில் காலை எறிகிறவருக்கு அடுத்த வாரம் காபி கிடையாது.

மண்சட்டி எழுதியது (ஞாயிறு, பிற்பகல் 2.40)

நான் வேட்டைக்குப் போவதில்லை. என் கணவர் டெக்சாஸில் ரியோ கிராண்டே வகை வான்கோழியை ஆண்டுக்கு ஒன்றாவது கொண்டுவருகிறார், எனவே பத்து ஆண்டுகளாக அடுப்புப் பக்கம் என்னுடையது. சகோதரர் இறகைப் பறித்துத் தோலை விட்டு வைத்திருப்பதால் முதல் வெற்றி அங்கேயே கிடைத்துவிட்டது. இங்கே பலரும் சட்டையைக் கழற்றுவது போலத் தோலை இறகோடு உரித்து எறிகிறார்கள். நம் வீடுகளில் நாட்டுக்கோழியை என்ன செய்வோம்? மஞ்சள் பூசி நெருப்பில் வாட்டுவோம். அதையே செய்யுங்கள். மீந்திருக்கும் பொடி மயிர் கருகும், தோல் இறுகும், அடியிலுள்ள மெல்லிய கொழுப்பு தீயின் மணத்தை வாங்கிக்கொள்ளும். வீட்டுக்குள் செய்தால் புகை எச்சரிக்கை மணி அடிக்கும் என்பதால் வெளியே எரிவாயு அடுப்பில் வாட்டுங்கள்.

தொடையையும் கீழ்க்காலையும் மூட்டில் பிரித்துவிடுங்கள், ஏனென்றால் இரண்டும் வேகும் நேரம் வேறு. குக்கரில் மஞ்சள், உப்பு, தட்டிய இஞ்சி, பூண்டு, கறி மூழ்கும் அளவு நீர். கீழ்க்காலுக்கு ஆவி வந்தபின் சிறு தீயில் ஒரு மணி நேரம், தொடைக்கு முப்பத்தைந்து நிமிடம். விசில் எண்ணிச் சமைக்கும் பழக்கம் இங்கே உதவாது, கடிகாரத்தைப் பாருங்கள். வெந்த நீரை ஒரு சொட்டும் கொட்டாதீர்கள், குழம்பின் உயிர் அதில்தான் இருக்கிறது. ஆறியபின் நரம்புக் குச்சிகளை உருவிவிட்டு, கறியைப் பெரிய துண்டுகளாகவே வைத்துக்கொள்ளுங்கள். மல்லி, மிளகு, சீரகம், சோம்பு, காய்ந்த மிளகாய், கொஞ்சம் தேங்காய் ஆகியவற்றை வறுத்து அரைத்து, நல்லெண்ணெயில் சின்ன வெங்காயம் வதக்கி, அந்த நீரையே ஊற்றிக் கொதிக்கவிட்டுக் கடைசியில் கறியைப் போடுங்கள். மிளகு கூடுதலாக இருக்கட்டும். இந்தக் கறிக்கு மிளகாயை விட மிளகு பொருந்துகிறது என்பது என் முடிவு. என் கணவர் ஏற்பதில்லை.

நெஞ்சுக்கறிக்கு இதற்கு நேரெதிரான முறை. அதைக் குக்கரில் போட்டால் சணல் கயிறு கிடைக்கும். ஒரு லிட்டர் நீருக்கு 60 கிராம் உப்பு கரைத்து இரவு முழுதும் குளிர்பெட்டியில் ஊறவிடுங்கள். காலையில் கழுவித் துடைத்து, தசைநாருக்குக் குறுக்காக விரல் கனத்துக்கு வெட்டி, மசாலா தடவி, நன்கு காய்ந்த இரும்புக் கல்லில் இருபுறமும் போட்டு எடுங்கள். வெப்பமானி 74 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். அதற்குக் குறைந்தால் பாதுகாப்பு இல்லை, பத்து டிகிரி கூடினால் சுவை இல்லை.

ஈரல் போனது வருத்தம். அரைவைப்பை இருக்கிறதா? நம் ஊர்க் கறிக்கடையில் ஈரலோடு சேர்த்துத் தருவார்களே, அந்தக் கெட்டியான தசைப்பை. பிளந்து கல்லையும் உள்ளே இருக்கும் மஞ்சள் தோலையும் நீக்கி, குக்கரில் வேகவைத்து மிளகில் பிரட்டினால் கைப்பிடியளவு வரும், சமைப்பவருக்குத்தான் கிடைக்கும்.

புதுவரவு எழுதியது (ஞாயிறு, மாலை 5.15)

மன்னிக்கவும், வேட்டையை ஏற்காதவன் எழுதுகிறேன். கடையில் பவுண்டு சில டாலருக்கு வான்கோழி கிடைக்கும் நாட்டில், மூன்று ஆண்டுகள் பிழைத்துவந்த ஒரு பறவையைத் தேடிப்போய்ச் சுடுவது ஏன்? அதுவும் இனப்பெருக்கக் காலத்தில். இப்படியே போனால் அந்த இனம் என்ன ஆகும்? சண்டைக்காகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளவே கேட்கிறேன். கூடவே இன்னொரு ஐயம்: எச்-1பி விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியைத் தொடலாமா?

மலையன் எழுதியது (ஞாயிறு, இரவு 8.30)

நேர்மையான கேள்வி. இரண்டாவதை முதலில் முடித்துவிடுகிறேன். தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்பது கூட்டாட்சிச் சட்டத்தின் பொது விதி. ஏதேனும் ஒரு மாநிலம் வழங்கிய செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பவர்களுக்கு அதில் விலக்கு உண்டு. சில மாநிலங்கள் இதைவிடக் கடுமையானவை. குடிவரவு வழக்கறிஞர் ஒருவரைக் கேட்காமல் இதில் கால் வைக்க வேண்டாம்.

இனி முதல் கேள்வி. இந்தப் பறவை ஏற்கெனவே ஒருமுறை அழியும் நிலைக்குப் போய்த் திரும்பியது. காடுகளை வெட்டியதாலும், வரம்பில்லாமல் சுட்டுச் சந்தையில் விற்றதாலும், 1930களில் அது பெரும்பாலான மாநிலங்களில் அருகிவிட்டது. பண்ணையில் வளர்த்துக் காட்டில் விட்டுப் பார்த்தார்கள். தாயிடம் பிழைக்கும் வழியைக் கற்காத அந்தக் குஞ்சுகள் நரிக்கும் பருந்துக்கும் இரையாயின. பிறகு இரையைத் தூவி, காட்டுப் பறவைகள் கூடியதும் பீரங்கி போல வெடித்து விரியும் வலையை அவற்றின் மேல் பாய்ச்சிப் பிடித்து, பறவை இல்லாத காடுகளுக்குப் பெட்டியில் கொண்டுபோய் விட்டார்கள். அதுதான் பலித்தது. மிசூரியில் இந்த வேலை 1954இல் தொடங்கியது. 1960இல் 14 மாவட்டங்களில் மூன்றே நாள் வேட்டைக்கு அனுமதி கொடுத்தபோது மாநிலம் முழுவதும் கிடைத்தவை 94 பறவைகள். இன்று அங்கே ஒவ்வொரு வசந்தத்திலும் பல்லாயிரம் கிடைக்கின்றன. துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதிக்கும் வரி, 1937ஆம் ஆண்டின் பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி, மாநிலங்களின் வனவுயிர்ப் பணிக்கே போகிறது. நீண்ட துப்பாக்கிக்கு அது 11 விழுக்காடு. நம் ஓசார்க்வாசி அந்த ஒரு தோட்டாவுக்கும் கட்டியிருக்கிறார்.

இனப்பெருக்கக் காலம் என்றீர்கள். ஒரு சேவல் பல பெட்டைகளோடு சேரும். அடைகாப்பதிலும் குஞ்சு வளர்ப்பதிலும் சேவலுக்குப் பங்கில்லை. அதனால்தான் வசந்தத்தில் தாடியுள்ள பறவைக்கு மட்டும் அனுமதி, அதுவும் பெட்டைகள் பெருமளவு முட்டையிடத் தொடங்கிய பின்பு. இது குறையில்லாத ஏற்பாடு என்று சொல்ல மாட்டேன். பத்தில் ஒரு பெட்டைக்கும் தாடி முளைக்கிறது. பல மாநிலங்களில் அதைச் சுடுவது குற்றமில்லை. நான் சுட மாட்டேன், என்னோடு வருகிறவரையும் விட மாட்டேன். நாடு முழுவதும் ஒரு காலத்தில் எழுபது லட்சத்தை நெருங்கிய எண்ணிக்கை இப்போது குறைந்திருக்கிறது; பருவத்தை இன்னும் தள்ளித் தொடங்க வேண்டும் என்ற வாதம் ஆய்வாளரிடையே நடக்கிறது. தள்ளினால் எனக்கு மகிழ்ச்சியே, மே மாதத்தில் குளிர் குறைவு.

கடையில் கிடைக்கிறதே என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. உங்களுக்குக் கடை, எனக்குக் காடு.

வன்னியான் எழுதியது (திங்கள், காலை 7.10)

ஒன்ராறியோவிலிருந்து வணக்கம். எங்கள் மாகாணத்தில் காட்டு வான்கோழி முற்றாக இல்லாமல் போய், 1984இல் அமெரிக்க மாநிலங்களிலிருந்து கொண்டுவந்து விட்டதன் பின்னரே மீண்டும் பெருகியது. இங்கே வசந்தப் பருவம் ஏப்ரல் 25 முதல் மே 31 வரை. நான் ஐந்து வருடமாகப் போகிறேன். இரண்டு பறவைதான் கிடைத்தது.

ஊரில் என் தாத்தா வன்னிக் காட்டில் வேட்டையாடியவர். ஒரு மரை (கடமான்) விழுந்தால் அன்று சமைத்தது போக மிச்சம் முழுவதும் உப்பும் மஞ்சளும் தடவி, கயிற்றில் கோத்து வெயிலில் போட்டு இறைச்சி வத்தலாகிவிடும். தமிழகத்து நண்பர்கள் உப்புக்கண்டம் என்பார்கள். தம்பி, உங்களிடம் ஐந்து இறாத்தல் நெஞ்சுக்கறி இருக்கிறது. ஒரே கிழமையில் தின்ன ஏலாது. பாதியை மெல்லிய கீற்றாக வெட்டி வத்தல் போட்டால் என்ன? கொழுப்பில்லாத இறைச்சி, நன்றாகக் காயும்.

இறைச்சியில் சன்னம் (நீங்கள் ரவை என்பது) இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க மறக்க வேண்டாம். ஈயச் சன்னம் என்றால் நஞ்சு. உங்களுடைய டங்ஸ்டன் என்றால் பல் போகும், அது ஈயத்தைப் போல நசுங்காது. எங்கே மயிர்த்துண்டு இறைச்சிக்குள் புகுந்திருக்கிறதோ அதன் அடியில் சன்னம் இருக்கும்.

மண்சட்டி எழுதியது (திங்கள், காலை 9.25)

வன்னியான் அண்ணா, சன்னம் பற்றிய குறிப்பு அருமை. வத்தலில் மட்டும் உங்களோடு உடன்பட முடியவில்லை. மரையும் ஆடும் வேறு, பறவை வேறு. பறவைக் கறியில் சால்மோனெல்லா இருக்க வாய்ப்பு அதிகம். மிசூரியின் ஏப்ரல் வெயில் வன்னி வெயிலும் அன்று. வெயிலிலோ உலர்த்தும் பெட்டியிலோ பச்சையாகக் காயவைத்தால், உள்ளே போதிய சூடு ஏறுவதற்கு முன்பே மேற்பரப்பு காய்ந்துவிடுகிறது. அப்படிக் காய்ந்த கறியில் கிருமிகள் வெப்பத்தைத் தாங்கிப் பிழைத்துக்கொள்கின்றன. அமெரிக்க வேளாண் துறையின் அறிவுரை தெளிவானது: பறவைக் கறியை உலர்த்துவதற்கு முன் 74 டிகிரிக்குச் சூடேற்ற வேண்டும்.

வன்னியான் எழுதியது (திங்கள், காலை 9.50)

தங்கச்சி, தாத்தா எண்பத்தாறு வயது வரை இருந்தவர்.

மண்சட்டி எழுதியது (திங்கள், காலை 10.15)

தாத்தா வான்கோழியை வத்தல் போட்டிருக்க மாட்டார் அண்ணா. வத்தலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கீற்றுகளை உப்பு, மஞ்சள், மிளகாய்த்தூள் கலந்த நீரில் ஊறவைத்து, அந்த நீரிலேயே கொதிக்கவிட்டு, கனமான துண்டின் நடுவில் 74 டிகிரி வந்ததை உறுதி செய்துகொண்டு, வடித்தபின் உலர்த்தும் பெட்டியில் 55 முதல் 60 டிகிரியில் வையுங்கள். வளைத்தால் விரிசல் விட வேண்டும், ஒடியக் கூடாது. குளிர்பெட்டியில் வைத்துக்கொண்டு வேண்டும்போது நல்லெண்ணெயில் பொரித்தால் பழைய சோற்றுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

வன்னியான் எழுதியது (திங்கள், முற்பகல் 11.40)

சரி, தோற்றேன். இந்த முறை கிடைத்தால் கொதிக்கவைத்தே காயப் போடுகிறேன். கிடைத்தால்.

மலையன் எழுதியது (திங்கள், மாலை 6.00)

இறகைப் பற்றி யாரும் பேசவில்லை. தோகையை அடிவாலோடு சேர்த்து அறுத்து, அடியிலுள்ள கறியையும் கொழுப்பையும் கத்தியால் சுரண்டி, போராக்ஸ் பொடியை அழுத்தித் தேய்த்து, அட்டையில் விசிறி போல விரித்து ஊசி குத்தி மூன்று வாரம் காயவிடுங்கள். சுரண்டுவதில் சோம்பல் பட்டால் வண்டு வைக்கும். சிறகின் நீண்ட வரியிறகுகள் மரபு வில்லாளர்களுக்கு அம்பின் வாலுக்கு உதவும். தூண்டில்காரர்கள் பொய்ப்பூச்சி கட்டுவதற்குக் கேட்பார்கள். பருந்தின் உதிர்ந்த இறகை எடுத்து வைத்தாலே 1918ஆம் ஆண்டின் வலசைப் பறவைச் சட்டப்படி குற்றமாகிற நாட்டில், அந்தப் பட்டியலில் சேராத வான்கோழியின் இறகு நமக்கு ஒரு சலுகை. தென்மேற்கின் புவெப்லோ மக்களின் முன்னோர் இந்த இறகுகளைக் கற்றாழை போன்ற யூக்கா நாரில் சுற்றிப் போர்வை நெய்தார்கள். ஒரு போர்வைக்குப் பதினோராயிரத்துக்கு மேல் இறகு சென்றதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

எனக்கு இறகை விட எலும்பு பிடிக்கும். சிறகிலுள்ள மூன்று எலும்புகளை எடுத்து, வேகவைத்துச் சுத்தம் செய்து, இருமுனையையும் அறுத்து, உள்ளிருக்கும் மச்சையைக் கம்பியால் தள்ளிவிடுங்கள். மெல்லியதை அடுத்ததற்குள்ளும், அதை மிகப் பெரியதற்குள்ளும் செருகிப் பசையால் ஒட்டினால் ஊதல் தயார். ஊதல் என்றாலும் ஊதக் கூடாது. உதட்டைக் குவித்துக் காற்றை உள்ளே இழுக்க வேண்டும், முத்தமிடுவது போல. பெட்டையின் எலும்பில் குரல் இன்னும் மென்மையாக வரும் என்பார்கள். வசந்தத்தில் தாடியில்லாத பெட்டைக்கு அனுமதி இல்லாததால் சேவலின் எலும்பே நமக்கு விதித்தது. பழங்குடியினரிடமிருந்து வந்த கருவி இது. இந்தச் சேவலின் எலும்பால் அடுத்த சேவலைக் கூப்பிடுவதில் ஒரு குரூரம் இருப்பதாக என் மகள் சொல்கிறாள். நம் பழந்தமிழ் வேட்டுவர் பழக்கிய பறவையைக் காட்டி அதன் இனத்தைப் பிடித்தார்கள், அந்தப் பழக்கிய பறவைக்குப் 'பார்வை' என்று பெயரே வைத்திருந்தார்கள் என்று அவளிடம் சொன்னேன். அதுவும் குரூரம்தான் என்றாள்.

ஓசார்க்வாசி எழுதியது (வியாழன், இரவு 9.45)

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைப் பதிவு செய்கிறேன்.

மஞ்சள் கொழுப்பு, மலையன் ஐயா சொன்ன இடத்திலேயே, என் உள்ளங்கையளவு இருந்தது, நீக்கினேன். வெளியே அடுப்பு வைத்துப் பறவையை மஞ்சளோடு வாட்டும்போது பக்கத்து வீட்டார் வேலிக்கு வந்துவிட்டார். "கால்களை வீசிவிடு" என்ற நண்பர்களில் ஒருவர் அவர்தான். கீழ்க்கால்களுக்கு ஒரு மணி நேரம் போதவில்லை, இன்னும் இருபது நிமிடம் தேவைப்பட்டது. மூன்று வயதுச் சேவல் என்பதை மறந்துவிட வேண்டாம். அதன்பின் குச்சிகள் கையோடு வந்தன. ஒரு காலிலிருந்து பதினொன்று எண்ணினேன். குழம்பு கறுப்பாக, மிளகு தூக்கலாக வந்தது. வேலிக்கு வந்தவருக்கு ஒரு கிண்ணம் கொடுத்தேன். கிண்ணத்தைத் திருப்பித் தரும்போது, சென்ற வாரம் அவர் சுட்ட பறவையின் கால்கள் உறைபெட்டியில் நாய்க்காக இருப்பதாகவும், சமைத்துத் தர முடியுமா என்றும் கேட்டார்.

எலும்புக்கூட்டை அடுப்பில் சிவக்க வாட்டி, மிளகு, சீரகம், பூண்டு போட்டு நான்கு மணி நேரம் கொதிக்கவைத்ததில் மூன்றரை லிட்டர் சாறு கிடைத்தது. ஒரு பகுதியில் ரசம் வைத்தோம், மீதியை உறையவைத்தாகிவிட்டது. நெஞ்சுக்கறியில் ஒன்றை உப்புநீரில் ஊறவைத்து வறுத்தோம். முதல் கல்லில் போட்டவற்றை 82 டிகிரி வரை விட்டுவிட்டேன். மண்சட்டி அக்கா சொன்ன சணல் கயிறு அப்படியே கிடைத்தது. இரண்டாம் கல்லிலிருந்து சரியாக வந்தது. மற்றொன்று வத்தலாகக் காய்கிறது, கொதிக்கவைத்தபின்.

கழுத்துக் கறியில் ஆறு ரவைகள் எடுத்தேன். ஏழாவது என் மனைவியின் தட்டில் கிடைத்தது. பல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அன்றிரவு முழுதும் அதைப் பற்றியே பேச்சு. வன்னியான் அண்ணா சொன்னபடி மயிர்த்துண்டைத் தேடியிருந்தால் அதுவும் அகப்பட்டிருக்கும்.

எலும்பூதலில் இதுவரை காற்று மட்டுமே வருகிறது. மலையன் ஐயா, நடு எலும்பும் பெரிய எலும்பும் சேரும் இடத்தில் ஒரு நெல்மணி அளவுக்கு இடைவெளி இருக்கிறது. அதைப் பசையால் அடைப்பதா, நூல் சுற்றுவதா? என் சீட்டில் இரண்டாம் பறவைக்கு இன்னும் இடம் இருக்கிறது, பருவம் முடிய பத்து நாள்.

மலையன் எழுதியது (வியாழன், இரவு 10.30)

முதலில் நூல், அதன் மேல் பசை. ஒரு இரவு காயட்டும். சனிக்கிழமைக்குக் கற்பலகையையும் எடுத்துப் போங்கள்.